மருத்துவ பீடம் போகும் நம் பிள்ளைகளுக்கு வாட்டில் ஏன் வாய் அடைக்கிறது?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளைக்குப் பதாகை கட்டி வாழ்த்துகிறோம். நல்ல விஷயம். ஆனால் அதே பிள்ளை வாட்டுக்குள் பயிற்சிக்குப் போகும்போது படும் பாட்டை நாம் விசாரிப்பதில்லை.

வாட்டில் பாடம் நடப்பது கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டுதான். பிள்ளை நோயாளியிடம் விபரம் கேட்டு, பரிசோதித்துவிட்டு, வைத்திய நிபுணருக்கும் சக மாணவர்களுக்கும் முன்னால் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். என்ன வருத்தம், எத்தனை நாளாக, முன்பிருந்த நோய்கள், பாவிக்கும் மருந்து, பரிசோதனையில் கண்டது. இடையில் கேள்விகள் வரும். நோயாளி பேசியது சிங்களமாக இருக்கலாம். பிள்ளை சொல்ல வேண்டியது ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்து, எழுதியே மூன்று ஏ எடுத்த பிள்ளை இது. தொண்டை வரண்டு, தெரிந்த விடையும் மறந்துபோகிறது. சிலர் பின்வரிசையில் ஒளிந்துகொள்கிறார்கள். ஒளிய ஒளியப் பயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இதை வெறும் கூச்சம் என்று விடமுடியாது. நாளை உள்ளகப் பயிற்சியில், நடு இரவில் ஒரு நோயாளி மோசமானால், பெரிய டொக்டருக்கு போன் எடுத்துத் தெளிவாகச் சொல்ல வேண்டியது இதே பிள்ளைதான். அங்கே தடுமாறினால் பாதிக்கப்படுவது நோயாளி. இதற்கென்றே 'எஸ்பார்' என்ற ஒழுங்கைப் பல நாடுகளில் பழக்குகிறார்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வைத்தியசாலைக்கு வந்த முறை அது. சொல்லும் ஒழுங்கு கைவந்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் பழக்கம் இருபத்திரண்டு வயதில் தொடங்கினால் போதுமா? நம் பாடசாலைகளில் தமிழ்த்தினப் போட்டிக்கு அதே மூன்று பிள்ளைகள்தான் மேடை ஏறுகிறார்கள். ரியூஷன் வகுப்பில் நூற்றுக்கணக்கானோர் கேட்டு எழுதுகிறார்கள். கேள்வி கேட்க இடமில்லை. டிஸ்பென்சரியில் டொக்டர் "என்ன மகன் செய்யுது?" என்று கேட்டால், பதினாறு வயது மகனுக்காக உம்மாதான் பதில் சொல்கிறா.

செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. தினமும் வகுப்பில் இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம், தாள் பார்க்காமல் தான் கண்ட ஒன்றை ஒழுங்காகச் சொல்லட்டும். கேட்பவர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும். பிழைவிட்டால் சிரிக்கக் கூடாது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் வாய்ப்பு வரும்.

வாட்டில் படிப்பிக்கும் நம் ஊர் டொக்டர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பிழையைத் திருத்துங்கள், நோயாளிக்கு முன்னால் பிள்ளையைக் கேவலப்படுத்தாதீர்கள். "தெரியாது சேர், பார்த்துச் சொல்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்லும் தைரியத்தையும் பழக்குங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை மருந்தெடுக்கப் போனால், தன் வருத்தத்தைப் பிள்ளையே சொல்லட்டும்.