அகலக்கால் எதற்கு?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

மோட்டார்ப் பந்தயம் தமிழகத்திற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் கார்கள் சீறிப் பாய்ந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ஓடுபாதை திறக்கப்பட்டது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவரதனின் பெயரைத் தாங்கிய ஓடுபாதை உள்ளது. பந்தய வீரர்களுக்கே உரியனவாக இருந்த இப்பாதைகளில், இன்று சாதாரணக் கார் வைத்திருப்பவரும் ஏற்பாடு செய்யப்படும் நாட்களில் பணம் கட்டி, தலைக்கவசம் அணிந்து ஓட்டலாம். ‘டிராக் டே’ என்பார்கள். நெடுஞ்சாலையில் வீரம் காட்டுவதை விட இது ஆயிரம் மடங்கு மேல். என் வழக்கு அதன்மேல் அன்று. அதற்குப் புறப்படும் இளைஞர்கள் வாங்கும் டயரின்மேல்!

விடுமுறை நாட்களில் நான் என் மாமாவின் டயர் கடையில் வேலை பார்க்கிறேன். ஓடுபாதைக்குப் போகிறேன் என்று வரும் தம்பிமார்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்பது ஒன்றே: “அண்ணா, இதே ரிம்முல எவ்வளவு அகலமாப் போட முடியுமுங்க?” புது ரிம் வாங்கக் காசில்லை, கம்பெனி கொடுத்த சக்கரமே இருக்கட்டும், டயரை மட்டும் அகலமாக்கிவிட்டால் வளைவுகளில் கார் தரையோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி.

போலோ காரையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2022-இல் உற்பத்தி நின்றுபோனாலும், பழைய கார்ச் சந்தையில் நம் வயதினரின் கனவு அதுதான். 15 அங்குலச் சக்கரம் கொண்ட போலோவில் வருவது 185/60 R15. அதாவது, டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இந்த மூன்று எண்களையும் எல்லோரும் படிக்கிறார்கள். ரிம்மின் உட்புறத்தில் பொறித்திருக்கும் நான்காவது எண்ணைத்தான் எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அது ரிம்மின் அகலம்: 6 அங்குலம், ஏறத்தாழ 152 மில்லிமீட்டர்.

ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். காற்று 32 பவுண்டு. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்துப் பாருங்கள்: தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 133 சதுர சென்டிமீட்டர். நம் அஞ்சல் துறையின் அஞ்சலட்டையை விடச் சற்றே பெரிது! (பக்கச்சுவரின் விறைப்பும் சிறிது சுமையைத் தாங்குமே என்று எங்கள் பேராசிரியர் திருத்துவார், ஏற்கிறேன்.) இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேனும் வந்ததா? அதே காற்றில் அகல டயரைப் போட்டால் அஞ்சலட்டை பெரிதாகிவிடாது; நெடுக்கே கிடந்தது குறுக்கே திரும்பிக்கொள்ளும், அவ்வளவே.

அப்படியாயின் பந்தயக் காருக்கு ஏன் அகல டயர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உராய்வு பரப்பைப் பொறுத்ததன்று என்று நாம் பாடத்தில் படித்த விதிக்கு ரப்பர் முழுதும் கட்டுப்படுவதில்லை. அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் கெழு குறைகிறது. அகலம் இருந்தால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். மென்மையான ரப்பரைச் சீக்கிரம் சூடேறித் தேயாமல் காக்கலாம். குறுக்கே கிடக்கும் அஞ்சலட்டை வளைவில் உதவவும் செய்யும். ஆனால் பந்தயக் காரின் ரிம்மும் அகலம் என்பதை மறக்கலாகாது. குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால், வாய் சிறுத்து வயிறு பருத்த பானையாகிவிடுகிறது. வளைவில் பக்கச்சுவர் சாய்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு கார் சற்று யோசித்தே திரும்புகிறது. டயரின் வெளிவிளிம்பு மட்டும் சீவியதுபோல் தேய்கிறது. காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி தரையில் சரியாகப் படிவதே இல்லை.

டயர்த் தர விதிகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. 195/55 R15 என்னும் அளவுக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை ரிம் இருக்கலாம். 205/50 R15-க்கு 5.5 முதல் 7.5 வரை. 225/45 R15-க்கோ குறைந்தது 7 வேண்டும். ஆகவே போலோவின் ரிம்மில் அதற்கு இடமே இல்லை. 205 விதிப்படி நுழையும். நுழைவது வேறு, பொருந்துவது வேறு.

விட்டத்தையும் பார்க்க வேண்டும். பழைய டயரின் முழு விட்டம் 603 மில்லிமீட்டர். 195/55 போட்டால் 595.5, ஒன்றேகால் விழுக்காடு குறைவு. 205/50 என்றால் 586. குறைவு மூன்று விழுக்காட்டை நெருங்குகிறது. தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். வேகமானி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். 195/60 போட்டால் 615. கார் சற்றே மந்தமாக இழுக்கும், முழுதும் திருப்பும்போது உட்புறம் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

என் முடிவு இது: கம்பெனி ரிம்மை மாற்றாதவர் ஒரு படிக்குமேல் ஏற வேண்டாம். 195/55 R15 போதும். நல்ல மென்ரப்பர் 185/60-இலேயே கிடைத்தால் அதுவே மேல். ஒட்டுவது ரப்பர்தான்; அகலம் அதற்குத் துணை மட்டுமே. சில டயர்களின் பக்கவாட்டில் தேய்மான எண் இருக்கும். அது குறையக் குறையப் பொதுவாக ரப்பர் மென்மை. அமெரிக்க ஓடுபாதை ஆர்வலர்கள் 200 என்ற எண்ணைத் தேடி வாங்குகிறார்கள். 300-க்கு மேற்பட்ட எண்ணுள்ள 205-ஐ விட, 200 எண்ணுள்ள 185-இன்மேல் பந்தயம் கட்ட நான் தயார். நம் ஊரில் மென்ரப்பர் எல்லா அளவிலும் கிடைக்காது என்பது உண்மை. அது 205-இல் மட்டுமே கிடைக்கிறது என்றால் 205-ஐ வாங்குங்கள். ஆனால் ரப்பருக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

சுமைக் குறியீடு பழையதை விடக் குறையக்கூடாது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். வேகக் குறியீட்டில் H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாகப் பொறித்திருக்கும். ‘சலுகை விலை’ என்றால் முதலில் அதைப் படியுங்கள்.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். “முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போடுங்க, அதுதானே இழுக்குது” என்கிறார்கள் சிலர். மாமா மறுத்துவிடுவார். “தம்பி, முன்னால புடிச்சு பின்னால வழுக்குச்சுன்னா வண்டி எங்க பாத்து நிக்கும்னு நெனைக்கறீங்க?” என்பார். கடைக்கு அதனால் வியாபாரம் போனதுண்டு. வளைவில் பின்பக்கம் சுழன்றுவிட்டால் அதை மீட்கும் பயிற்சி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? நான்கு வாங்கப் பணமில்லையென்றால் அடுத்த மாதம் போகலாம். ஓடுபாதை அங்கேதான் இருக்கும். மிஞ்சும் பணத்தில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அகல டயர் வாங்கிய கையோடு பழைய பிரேக் ஆயிலுடன் ஓடுபாதைக்குப் போவதை என்னவென்று சொல்ல!

காற்றின் கதை தனி. 35 பாகை வெப்பத்தில் அடித்த 32 பவுண்டு, டயருக்குள் 75 பாகை ஏறினால் 38 ஆகிவிடும். வாயு விதியைப் போட்டுப் பார்க்கலாம். அதனால் சூட்டோடு சூடாகக் காற்றை இறக்கி 32-க்குக் கொண்டுவருவார்கள். சரியே. ஆனால் மாலையில் டயர் ஆறியதும் அதே காற்று 27 பவுண்டுக்கும் கீழே நிற்கும். களைப்போடும் களிப்போடும் அப்படியே நெடுஞ்சாலையில் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் வரும் பெட்ரோல் பங்க்கிலேயே நிறுத்தி, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்றடித்துக்கொண்டு, அதன் பிறகு நண்பர்களிடம் கதை பேசலாம்.