பத்து வீதம் கட்டிட்டோம், சேவை எங்க?

போன மாசம் எங்க கூட்டத்தில ஒருத்தர் முதல் சம்பளம் எடுத்தார். அதைக் கொண்டாட மடுல்கெல்லையில இருந்து அஞ்சு பேர் பஸ் ஏறினோம். நாங்க நாலு பேர், அஞ்சாவது ஆள் அவரோட அம்மா. இருபத்தெட்டு வருசம் கொழுந்து பறிச்சவங்க. பன்வில, வத்தேகம தாண்டி கண்டி டவுனுக்கு வந்து, கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, "இன்னைக்கு அம்மாவுக்கு நல்ல இடத்தில கோப்பி வாங்கிக் கொடுப்போம்"னு ஒரு கடைக்குள்ள போனோம். ஏசி, மஞ்சள் வெளிச்சம், சுவரில பெருசா கோப்பிக் கொட்டைப் படம். கடைப் பேரை இங்க எழுதப் போறதில்ல. ஏன்னு பிறகு சொல்றோம்.

ஜன்னல் பக்கத்து மேசை காலியா இருந்தது. உட்காரப் போனோம். கவுண்டரில நின்ன முகாமையாளர் கையைக் காட்டி மாடிக்குப் போகச் சொன்னார். மாடியில எங்களுக்குக் கிடைச்சது கழிவறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. மெனு முழுக்க இங்கிலிஷ். இருபது நிமிசம் யாரும் வரல. எங்களுக்குப் பிறகு வந்த ரெண்டு வெளிநாட்டுக்காரங்களுக்குத் தண்ணி வந்தது, சிரிப்பு வந்தது, கேக்கும் வந்தது. எங்ககிட்ட கடைசியில ஒரு பொடியன் வந்து "மொனவாத ஓனே?"ன்னு சிங்களத்தில கேட்டான். அம்மா தமிழில "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியாப்பா"ன்னு கேட்டாங்க. அவனுக்கு விளங்கினது முகத்திலேயே தெரிஞ்சது. ஆனா வாயைத் திறக்கல. படிப்பக்கம் திரும்பிக் கீழ கவுண்டரைப் பார்த்தான். பிறகு சிங்களத்தில "கொண்டு வாறேன்"னு சொல்லிட்டுப் போனான்.

அஞ்சு கோப்பி, ஆளுக்கு 900 ரூபாய்ப்படி 4500. அதுக்கு மேல பத்து வீதம் 'சேவைக் கட்டணம்' 450. மொத்தம் 4950. கோப்பி ஆறிப்போய்த்தான் வந்தது. ஒண்ணு நாங்க கேட்டதே இல்ல. மாத்தித் தரச் சொன்னா, "அதுவும் கோப்பிதானே" என்கிறது பதில். பில் கேட்டா மொத்தத் தொகை மட்டும் எழுதின துண்டு. விவரமான பில் வேணும்னு நின்னு கேட்ட பிறகுதான் மெஷினில இருந்து வந்தது.

இதை வாசிக்கிற சிலர், "ஒரு கோப்பிக்கு இவ்வளவு அழுகையா? பிடிக்கலன்னா வேற கடைக்குப் போங்க"ன்னு சொல்வீங்க. சரி, கோப்பி ஆறினதுக்கு நாங்க அழல. சேவை மோசம்னா எல்லாருக்கும் மோசமா இருக்கணும். அந்தக் கடையில சேவை மோசமில்ல, நல்லாவே இருந்தது. ஆளைப் பார்த்து, உடுப்பைப் பார்த்து, வாயில வாற மொழியைக் கேட்டு அளந்து கொடுத்தாங்க. கட்டணத்தில மட்டும் அந்த அளவு இல்ல. வெளிநாட்டுக்காரருக்கும் பத்து வீதம், கொழுந்து பறிச்ச அம்மாவுக்கும் பத்து வீதம். காசு வாங்கும்போது எல்லாரும் சமம், கவனிக்கும்போது மட்டும் தராதரமா?

அந்த 4950 ரூபாய் எங்க பக்கத்தில எவ்வளவுன்னு தெரியுமா? 2021 மார்ச்சில தோட்டத் தொழிலாளரோட நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டம்பரில 1350 ஆனது. அந்த 2024 கணக்கில மூன்றரை நாளுக்கு மேல மலையேறிக் கொழுந்து பறிச்ச காசை அந்த மேசையில வச்சிருக்கோம். இலவசமா உட்காரப் போகல நாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். சுவரில கோப்பிக் கொட்டைப் படம் மாட்டி வச்சிருக்கிற கடைக்காரருக்கு அந்தக் கொட்டையோட கதை தெரியுமா? தேயிலைக்கு முன்னாடி இந்த மலையெல்லாம் கோப்பி. 1820களில கண்டிப் பக்கம் கோப்பித் தோட்டம் போடத் தொடங்கினாங்க. நக்கிள்ஸ் மலைப் பக்கத்துத் தோட்டங்களும் முதல்ல கோப்பிதான். அதுக்கு ஆள் எங்கயிருந்து வந்தாங்க? தமிழ்நாட்டில இருந்து, மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தாங்க. வழியில காலராவிலயும் காய்ச்சலிலயும் பசியிலயும் செத்தவங்களுக்குச் சரியான கணக்கே இல்ல. 1869இல கோப்பி இலையில துரு நோய் தெரிய வந்தது. அடுத்த இருபது வருசத்துக்குள்ள கோப்பி அழிஞ்சு தேயிலை வந்தது. பயிர் மாறினது, லயம் மாறல. இன்னும் எங்க லயத்துக்குப் பின்னால நாலு கோப்பி மரம் நிக்குது. பழத்தைப் பறிச்சுக் காயவச்சு, வறுத்து, மல்லியும் சுக்கும் சேர்த்து இடிச்சுத்தான் வீட்டில கோப்பி. கோப்பி எங்களுக்குப் புது நாகரிகம் இல்ல, வீட்டுச் சாமான்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1978 அரசியலமைப்பில 12(3) ஆம் உறுப்புரை இருக்கு. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமா கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்களுக்குள்ள போறதுக்கு யாருக்கும் தடையோ நிபந்தனையோ போடக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 126 ஆம் உறுப்புரைக்கு வந்தா, அடிப்படை உரிமை மீறல்னு உச்ச நீதிமன்றத்துக்குப் போறது அரசாங்கத்தோட நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிராத்தான். தனியார் கோப்பிக் கடை முகாமையாளர் அதுக்குள்ள நேரடியா வரமாட்டார். கடைக்குள்ள உரிமை இருக்குன்னு எழுதின அரசு, கடைக்காரர் மீறினா எந்தக் கதவைத் தட்டுறதுன்னு எழுதல.

கடையில ஒரு நாற்காலி சின்ன விசயம்னு யாராவது சொன்னா, அவங்களுக்கு எங்க சரித்திரமே தெரியாது. யாழ்ப்பாணத்தில ஒடுக்கப்பட்ட சாதி மக்களைத் தேநீர்க்கடைக்குள்ள உட்கார விடாத காலம் இருந்தது. அதுக்கு எதிரா 1950களில சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டம் நடத்தினது. 1957இல சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தக் கதவுகளைப் பூட்டினது சிங்களவரோ வெள்ளைக்காரரோ இல்ல, தமிழர்தான். இன்னைக்கும் கண்டியில சில தமிழ்க் கடைகளில "தோட்டக்காட்டான்" என்கிற வார்த்தை எங்க காதில விழுது. அதனால இதைச் சிங்களக் கடை, தமிழ்க் கடைன்னு பிரிச்சுப் பேச எங்களால முடியாது.

அமெரிக்காவிலயும் இதே கதைதான். 2018 ஏப்ரலில பிலடெல்பியாவில ஒரு ஸ்டார்பக்ஸ் கடையில ஒருத்தரைச் சந்திக்கக் காத்திருந்த ரெண்டு கறுப்பின இளைஞர்களை, ஒண்ணும் வாங்காம இருக்காங்கன்னு பொலிசைக் கூப்பிட்டுப் பிடிச்சுக் கொடுத்தாங்க. வீடியோ உலகம் முழுக்கச் சுத்தினது. மே 29ஆம் திகதி அந்த நிறுவனம் அமெரிக்காவில எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளை அரை நாள் பூட்டி ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தது. வாங்காதவங்களும் உட்காரலாம்னு விதியை மாத்தினது. 2025 ஜனவரியில அந்த விதியைத் திரும்ப எடுத்திட்டாங்க. முதலாளிக்கு வெட்கம் வந்தா மாற்றம் வரும், வெட்கம் போனா மாற்றமும் போயிடும். அதனால ஒரு தடவை கத்திட்டு விடுறதில பிரயோசனமில்ல.

கடைப் பேரை ஏன் எழுதல? பில்லைக் கட்டிட்டு இறங்கும்போது படிக்கட்டில அந்தப் பொடியன் பின்னால வந்தான். மெல்லமா, சுத்தமான தமிழில சொன்னான்: "அண்ணா, மன்னிச்சுக்கங்க. கஸ்டமர்கிட்ட தமிழில கதைக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. அம்மாகிட்டயும் சொல்லுங்க." அவனும் தோட்டத்துப் பிள்ளை. எந்தத் தோட்டம்னு நாங்க எழுத மாட்டோம். சேவைக் கட்டணத்தில உனக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டோம். "எனக்கே தெரியாதுண்ணா"ன்னான்.

பஸ்ஸில வரும்போது எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். ஒருத்தர் ஃபோனை எடுத்து ஒரு ஸ்டார் போட்டு எழுதப் போனார். "போடு, நாறட்டும்"னு ஒரு பக்கம். "போட்டா முதல்ல வேலை போறது அந்தப் பொடியனுக்குத்தான், முதலாளிக்கு என்ன ஆகும்?"னு மறுபக்கம். வத்தேகம வரைக்கும் முடிவு வரல. கடைசியில அம்மா சொன்னாங்க: "அவன் என்ன செய்வான், அவனும் பெரட்டுல நிக்கிறவன்தானே." ஃபோன் பைக்குள்ள போயிடுச்சு.

ஆனா அதோட வாயை மூடிட்டு இருக்கப் போறதில்ல. கண்டியில கோப்பிக் கடை நடத்துற முதலாளிமாருக்கு நேரா சொல்றோம். பத்து வீதம் வாங்கினா, அது யாருக்குப் போகுதுன்னு பில்லிலேயே எழுதுங்க. மெனுவை மூணு மொழியிலயும் போடுங்க, நாலு பக்கம் அதிகமா அச்சடிச்சா உங்க கடை மூழ்காது. தமிழ் தெரிஞ்ச பிள்ளைக்குத் தமிழில பேச விடுங்க. தாய்மொழியை வாசலில கழட்டி வச்சிட்டு வரச் சொல்ற வேலை, சேவை இல்ல, அடிமைத்தனம்.

நமக்கும் சொல்றோம். பில் கேளுங்க. கேட்டா கொடுக்கணும்னு 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்லுது. கொடுக்கலன்னா 1977க்கு எடுங்க. பரிமாறுற பொடியன்கிட்ட கத்தாதீங்க, முகாமையாளரைக் கூப்பிடுங்க. முக்கியமா, கடைக்குள்ள போனதும் உடைஞ்ச இங்கிலிஷுக்கு ஓடாம முதல்ல தமிழில ஓடர் பண்ணுங்க. நாங்களும் அன்னைக்கு இங்கிலிஷில்தான் ஓடர் பண்ணினோம். தமிழில கேட்டது அம்மா ஒருத்தர்தான். அந்த வெட்கம் எங்களுக்கு இன்னும் இருக்கு.

அடுத்த மாசம் இன்னொருத்தருக்கு முதல் சம்பளம். அதே கடைக்குத்தான் போறோம். அம்மாவும் வாறாங்க. ஜன்னல் பக்கத்து மேசையைத் தமிழில கேட்கப் போறோம்.