மேலே பத்துப் பேர், கீழே ஒரு நகரம்

1943 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள தோர்ப் அபட்ஸ் தளத்திலிருந்து அமெரிக்காவின் 100-வது குண்டுவீச்சுப் படைப்பிரிவு ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரை நோக்கிக் கிளம்பியது. எதிரி எல்லைக்குள் போன அதன் 13 விமானங்களில் அன்று தளத்துக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த வழக்கறிஞரான ராபர்ட் ரோசன்தால் ஓட்டிவந்த விமானம் அது. அவருக்கு அது மூன்றாவது தாக்குதல் பயணம்தான்.

ஆப்பிள் டிவியில் 2024-ல் வெளியான ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ தொடர், இந்த நாளைத் தன் ஐந்தாவது பகுதியில் படமாக்கியிருக்கிறது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், டாம் ஹாங்க்ஸ், கேரி கோட்ஸ்மன் ஆகியோரின் தயாரிப்பு. டொனால்ட் மில்லர் எழுதிய வரலாற்று நூலைத் தழுவியது. செலவில் குறை வைக்கவில்லை. இன்ஜின் தீப்பிடிக்கிறது, இறக்கை முறிகிறது, அணிவகுப்பின் நடுவே புகுந்து ஜெர்மன் போர் விமானங்கள் சுட்டுத்தள்ளுகின்றன. எல்லாவற்றையும் கேமரா பறந்து பறந்து காட்டுகிறது. பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், அன்றைக்கு அந்த வானத்தில் இருந்த எவரும் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

பி-17 விமானத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர். 25,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தில் காற்றழுத்தப் பாதுகாப்பு கிடையாது. நடுப்பகுதி துப்பாக்கி வீரர்கள் நின்ற ஜன்னல்கள் தொடக்ககால விமானங்களில் வெறும் திறப்புகள்தான். வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். கையுறையைக் கழற்றித் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். ஆக்சிஜன் குழாயில் மூச்சின் ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் கவனிப்பதற்குள் ஆள் மயங்கிவிடுவார். தொடக்க காலத்தில் குண்டடிபட்டவர்களைவிடப் பனிக்கடியால் விரல்களும் காதுகளும் கெட்டு மருத்துவமனைக்குப் போனவர்களே அதிகம்.

விமானத்தின் வயிற்றுக்கு அடியில் ஒரு கண்ணாடி உருண்டை. அதற்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பவர், கால்களுக்கு நடுவே தெரியும் வட்டக் கண்ணாடி வழியாகக் குறிபார்க்க வேண்டும். இந்த வேலைக்குக் குள்ளமான ஆட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் பாராசூட்டை மாட்டிக்கொள்ளக்கூட அதற்குள் இடம் இருக்காது. தப்பிக்க வேண்டுமென்றால் உருண்டையைச் சுழற்றி, கதவைத் திறந்து, விமானத்துக்குள் ஏறி, பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பிறகுதான் குதிக்க வேண்டும். விமானமோ அதற்குள் சுழன்று விழத் தொடங்கியிருக்கும்.

இவர்களில் யாருக்கும் போர் முழுதாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு ஜன்னல், ஆளுக்கு ஒரு துண்டு வானம். மற்றதெல்லாம் இன்டர்காமில் வரும் குரல்கள்தான். இலக்கை நெருங்கியதும் நிலைமை இன்னும் மோசம். குண்டுவீசுபவரின் நார்டன் குறிநோக்குக் கருவியோடு தானியங்கி ஓட்டும் அமைப்பு இணைக்கப்பட்டிருக்கும். கீழே இருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்க, அந்தச் சில நிமிடங்கள் விமானம் நேர்கோட்டில் போயாக வேண்டும், விலகக் கூடாது. வெறுமனே உட்கார்ந்திருப்பதுதான் அப்போது விமானியின் வீரம்.

உட்கார்ந்திருக்கும் ஆளைச் சினிமாவாக்குவது கடினம். அதனால்தான் சினிமா நூறாண்டாக இந்தப் பிரச்சினையைச் சுற்றிவந்து கொண்டிருக்கிறது.

முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற ‘விங்ஸ்’ 1927-ல் வந்தது. அதன் இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் பிரான்ஸ் தரப்பில் பறந்த விமானி. தயாரிப்பாளர்கள் பதறிக்கொண்டிருந்தபோதும், வானில் நல்ல மேகம் வரும் வரை அவர் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தார். ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்துக்காக ஹோவர்ட் ஹியூஸும் அதையேதான் செய்தார். மேகமில்லாத வெறும் நீலத்தில் விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் திரையில் நின்ற இடத்தில் நிற்பது போலிருக்கும். பின்னணியில் மேகம் நகர்ந்தால்தான் வேகம் தெரியும். ஹியூஸின் படப்பிடிப்பில் மூன்று விமானிகளும் ஒரு மெக்கானிக்கும் உயிரிழந்தார்கள். வேகத்தைக் காட்ட வேண்டும் என்ற வெறி அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வெறி ஒரு முழுச் சுற்றும் சுற்றி வந்திருக்கிறது. ரூர் பகுதி அணைகளைத் தகர்த்த பிரிட்டிஷ் விமானிகளைப் பற்றிய ‘தி டாம் பஸ்டர்ஸ்’ 1955-ல் வந்தது. அதன் தாக்குதல் காட்சியையும் பழைய போர்ப் படங்களின் வான் சண்டைகளையும் முன்மாதிரியாக வைத்துத்தான் ஜார்ஜ் லூகாஸ் 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்வெளிச் சண்டையை அமைத்தார். இரண்டு படங்களிலும் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர். பிறகு 2012-ல், கறுப்பின அமெரிக்க விமானிகளின் கதையான ‘ரெட் டெயில்ஸ்’ படத்தை லூகாஸே தயாரித்தார். இரண்டாம் உலகப் போர் விமானங்கள் அதில் விண்கலங்களைப் போலத் துள்ளி விளையாடின. போரைப் பார்த்து விண்வெளிப் படம் எடுத்தார்கள். இப்போது விண்வெளிப் படத்தைப் பார்த்துப் போரை எடுக்கிறார்கள்.

நிஜத்தில், எதிரே நேருக்கு நேர் வரும் போர் விமானம் சுடுவதற்குக் கிடைத்தது ஓரிரு வினாடிதான். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்தது காதைக் கிழித்துக்கொண்டு கடந்து போய்விடும். சுட்டு வீழ்த்தியது யார் என்று யாருக்கும் தெரியாது. 1943 ஆகஸ்ட் 17 அன்று ரேகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் நகரங்களைத் தாக்கப் போன அமெரிக்கப் படை 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. தப்பி வந்த துப்பாக்கி வீரர்கள் 288 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். உண்மையில் விழுந்தது கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்குதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தைப் பத்துப் பேர் சுட்டுவிட்டு, பத்துப் பேரும் தாங்கள்தான் வீழ்த்தியதாக நம்பினார்கள். சினிமா இன்றுவரை அந்த 288-ஐத்தான் நம்புகிறது. ஹீரோ சுட்டால் எதிரி விழுவான்.

இந்த வலையில் சிக்காத படங்களும் உண்டு. 1943-ல் இயக்குநர் வில்லியம் வைலர், 16 எம்எம் வண்ணக் கேமராக்களோடு பி-17 விமானங்களில் ஏறிப் பறந்தார். அவர் குழுவில் இருந்த ஹெரால்ட் டேனன்பாம் படமெடுக்கப் போன விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். வைலர் எடுத்த ‘மெம்ஃபிஸ் பெல்’ 1944-ல் வெளியானது; ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான் ஓடும். அதில் அணியிலிருந்த ஒரு பி-17 அடிபட்டுச் சுழன்று விழுகிறது. கேமரா அதைத் துரத்திக்கொண்டு போகவில்லை, போகவும் முடியாது. தூரத்தில் அது சிறுத்துக்கொண்டே போக, பக்கத்து விமானத்துக்காரர்கள் எத்தனை பாராசூட் விரிகிறது என்று எண்ணுகிறார்கள். ஒன்று விரிகிறது, இன்னொன்று விரிகிறது. பத்து வரவில்லை. அந்தக் குரல்கள் பிற்பாடு ஹாலிவுட்டில் அதே வீரர்களை வைத்துப் பதிவு செய்யப்பட்டவை என்பது உண்மைதான். அது தெரிந்தும் அந்தக் காட்சியின் கனம் குறைவதில்லை. காரணம், கேமரா நிற்குமிடம் ஒரு மனிதன் நின்ற இடம்.

1949-ல் வந்த ‘ட்வெல்வ் ஓ’கிளாக் ஹை’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பெர்ன் லே, ரேகன்ஸ்பர்க் தாக்குதலின்போது இதே 100-வது பிரிவின் விமானத்தில் பறந்தவர். போரை நேரில் பார்த்தவர் எழுதிய படத்தில் பெரும்பகுதி தரையிலேயே நடக்கிறது. கிரிகரி பெக் நடித்த ஜெனரல் சாவேஜ், துவண்டு போன படைப்பிரிவைக் கண்டிப்பால் தூக்கி நிறுத்துகிறார். கடைசியில் ஒருநாள் காலை, விமானத்தின் அடிக்கதவைப் பிடித்து உடலை மேலே இழுக்கப் பார்க்கிறார். கை ஒத்துழைக்கவில்லை. மறுபடி முயல்கிறார், முடியவில்லை. அடியில்லை, காயமில்லை, ரத்தமில்லை. விமானங்கள் அவரை விட்டுவிட்டுக் கிளம்புகின்றன. அவை திரும்பும் வரை ஒரு நாற்காலியில் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறார். குண்டுவீச்சுப் போர் மனிதர்களை என்ன செய்தது என்பதை இந்த ஒரு காட்சி சொன்ன அளவுக்கு, கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த கிராபிக்ஸ் சொல்லவில்லை.

கிராபிக்ஸே வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. 12,731 பி-17 விமானங்கள் தயாரிக்கப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒன்று விபத்துக்குள்ளாகி ஏழு பேர் இறந்தார்கள். 2022-ல் டல்லாஸ் விமானக் கண்காட்சியில் இன்னொன்று வேறொரு விமானத்தோடு மோதி ஆறு பேர் இறந்தார்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் பறக்கக்கூடியவை உலகிலேயே இரண்டுதான். ஹியூஸைப் போல ஆட்களைப் பலிகொடுத்துப் படமெடுக்கும் காலம் போனது நல்லதே. கணினியில் விமானத்தை உருவாக்கட்டும். கேமராவை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. விமானத்துக்குள் வைக்கலாம், தாக்க வரும் ஜெர்மன் விமானியின் இருக்கையில்கூட வைக்கலாம், அங்கேயும் ஒரு மனிதன் இருந்தான். நடுவானில், யாருமில்லாத இடத்தில் மிதக்கும் கேமராதான் போரை வேடிக்கையாக்குகிறது.

கேமரா விமானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டால் இன்னொரு சிக்கல் வருகிறது. கீழே இருப்பவர்கள் தெரியாமலே போய்விடுவார்கள். நிஜத்திலும் அந்தப் பத்துப் பேருக்குத் தெரிந்தது புகையும் தெருக்களின் கோடுகளும்தான்.

மூன்ஸ்டரில் அன்று குறிவைக்கப்பட்டது தொழிற்சாலை அல்ல. பழைய நகரத்தின் மையப்பகுதி, அதுவும் ஞாயிற்றுக்கிழமையில். புறப்படும் முன்பே அது சில வீரர்களுக்கு உறுத்தியிருக்கிறது. தொடரும் இதைத் தொட்டுக்காட்டுகிறது, பாராட்ட வேண்டும். ஆனால், குண்டு கதவு திறந்த பிறகு அந்த நகரம் கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்த பகுதியில் ஜெர்மன் பொதுமக்கள் நெருக்கத்தில் வரும்போது எப்படி வருகிறார்கள்? ருஸல்ஸ்ஹைம் நகரில், சிறைபிடிக்கப்பட்ட அமெரிக்க வீரர்களை அடித்துக் கொல்லும் கும்பலாக வருகிறார்கள். அந்தக் கொலைகள் உண்மையில் நடந்தவை. ஆனால் 1944 ஆகஸ்டில், வேறொரு விமானக் குழுவுக்கு நடந்தவை. 1943 அக்டோபரில் பிடிபட்ட 100-வது பிரிவின் மேஜர் ஜான் ஈகனின் கண்முன்னே நடப்பதாகத் தொடர் அவற்றை நகர்த்திவிட்டது. கதைக்காகத் தேதியை மாற்றத் துணிந்தவர்கள், குண்டு விழுந்த ஒரு வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நுழையத் துணியவில்லை.

இது அமெரிக்காவின் குறை மட்டுமல்ல. ‘டாம் பஸ்டர்ஸ்’ தாக்குதலுக்குப் போன 133 பேரில் 53 பேர் இறந்தார்கள். மூன்று பேர் பிடிபட்டார்கள். திரும்பாதவர்களை நினைத்து விஞ்ஞானி பார்ன்ஸ் வாலிஸ் கலங்குவதோடு படம் முடிகிறது. அணை உடைந்து வந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் 1,300 பேருக்கும் மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் நாஜிகள் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்த வெளிநாட்டவர்களும் போர்க்கைதிகளும். அவர்களைப் பற்றிப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை.

பிரிட்டனின் இரவு நேரக் குண்டுவீச்சு பற்றிப் படங்கள் குறைவாக இருப்பதற்கும் கீழே இறந்தவர்களை நேர்கொள்வதில் உள்ள இந்தத் தயக்கமே காரணம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். 1943 ஜூலை இறுதியில் அவர்கள் ஹாம்பர்க் மீது மூட்டிய தீப்புயலில் 35,000-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். போர் முடிந்ததும் சர்ச்சில் தன் வெற்றி உரையில் இந்தப் படையைக் குறிப்பிடாமலே விட்டார். லண்டனில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது 2012-ல்தான். இறந்துபோன தங்கள் பையன்களைப் போற்றவும் முடியாமல், அவர்கள் செய்ததை ஒப்புக்கொள்ளவும் முடியாமல் அந்த நாடு திணறியது. அணைகள் கதைக்கு வசதியாக அமைந்தன, நகரங்கள் அமையவில்லை.

கீழே இருந்து எடுத்த படம் என்றால் ஜப்பானைத்தான் பார்க்க வேண்டும். இசாவோ தகஹாதா 1945 ஜூன் 29 அன்று ஒகயாமா நகரின் மீது நடந்த குண்டுவீச்சிலிருந்து ஒன்பது வயதில் தப்பிப் பிழைத்தவர். அவர் 1988-ல் எடுத்த அனிமேஷன் படம் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’. கோபே நகரின் மேல் பி-29 விமானங்கள் எட்டாத உயரத்தில் கடந்து போகின்றன. குழாய் போன்ற எரிகுண்டுகள் கொத்தாகத் தெருவில் விழுகின்றன. ஒரு கணம் ஒன்றுமே நடக்காதது போலிருக்கிறது. பிறகு மர வீடுகள் பற்றிக்கொள்கின்றன. தங்கையை முதுகில் சுமந்தபடி ஓடும் சிறுவனுக்கு மேலே இருப்பவர்களின் முகமோ பெயரோ தெரியாது. ஜெர்மனியும் முயன்றது. 2006-ல் வந்த ‘டிரெஸ்டன்’ தொலைக்காட்சிப் படத்தில் நகரம் எரிவதற்கு நடுவே பிரிட்டிஷ் விமானிக்கும் ஜெர்மன் செவிலிக்கும் காதலைப் புகுத்தி அந்த முயற்சியைத் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள்.

விமானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள் என்பதல்ல இதன் பொருள். அவர்கள் எதிர்த்தது நாஜி ஆட்சியை. அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில் மட்டும் சுமார் 26,000 பேர் இறந்தார்கள்; பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். அவர்களின் அச்சத்தையும் உறுதியையும் சொல்ல ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ ஒன்பது பகுதிகளை எடுத்துக்கொண்டது. அதில் ஒன்றை மூன்ஸ்டரின் ஒரு தெருவுக்குக் கொடுத்திருந்தால், ரோசன்தாலின் வீரம் ஒரு துளியும் குறைந்திருக்காது. அதைச் செய்யாததால் இது ஒரு நல்ல தொடர் என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

தொடரைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். வைலரின் ‘மெம்ஃபிஸ் பெல்’ அமெரிக்க அரசின் படம் என்பதால் காப்புரிமை இல்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அதே நாளில் தகஹாதாவின் படத்தையும் பாருங்கள்.