ஆகாயத்தில் ஏற்ற இறக்கம்

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. நம் ஜில்லாவாசிகள் மதுரைக்குச் சென்றுதான் விமானம் ஏறுகின்றனர். ஆயினும் விமானங்கள் ஏறி இறங்கும் வேகத்தைப் பற்றிய விதிகள் நமக்குப் புறம்பான விஷயமன்று. மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டுமென்பதை வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஓட்டுகிறவர் யாவரும் அறிவர். ஆகாயத்திலோ ஒதுங்கி நிற்க இடமேது? எதிரெதிரே வரும் விமானங்களுக்கு நடுவே 1,000 அடி உயர வித்தியாசமே காவல். நிமிஷத்துக்கு 3,000 அடி இறங்கும் விமானம் அதை இருபதே விநாடியில் கடந்துவிடும்.

ஆகவேதான், அருகே வேறு விமானம் உண்டென்று அறிந்த விமானி, தமக்குக் குறித்த உயரத்தை எட்டுமுன் கடைசி 1,000 அடியை நிமிஷத்துக்கு 1,500 அடிக்கும் குறைந்த வேகத்தில் கடக்க வேண்டுமென்று சர்வதேச விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் கூறுகிறது. மந்தமும் பிழையே. அமெரிக்காவில் நிமிஷத்துக்கு 500 அடியேனும் ஏறவோ இறங்கவோ இயலாத விமானி அதை உடனே தரைக்கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வேகத்தை நம்பியன்றோ அவர் பிற விமானங்களுக்கு வழி வகுக்கிறார்!

1996 நவம்பர் 12-ந் தேதி தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், தில்லிக்கு இறங்கிய கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் குறிக்கப்பட்டன. பின்னது தன் உயரத்தில் நில்லாமல் இறங்கிற்று. ஹரியானாவில் சார்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி 349 பேர் மாண்டனர். எதிரே விமானம் வருவதை அதிகாரி முன்னரே எச்சரித்திருந்தார். நீதிபதி லாஹோட்டி கமிஷன் கஜகஸ்தான் விமானிகள்மீதே குற்றம் கண்டது. நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் சர்க்காரின் பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடுமா? அன்று அதிகாரியின் முன்னிருந்த ராடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாதது. விமானிகள் வாயால் சொன்ன உயரமே அவருக்குப் பிரமாணம். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. மீதி வானத்தில் பெரும்பகுதி விமானப்படையின் வசம். தனி வழிகளும், மோதலைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் உத்தரவும் அத்தனை உயிர்கள் போன பிறகே வந்தன.

கருவி மட்டும் போதாதென்பதை 2002 ஜூலை 1-ல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் உலகம் கண்டது. ஏறும்படி கருவி சொல்ல, இறங்கும்படி அதிகாரி சொன்னார். ரஷ்ய விமானி இறங்கினார். 71 பேர் மாண்டனர். அவ்விரவு அந்த அதிகாரி ஒருவரே இரண்டு மேஜைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தகைய தருணங்களில் கருவியின் சொல்லே மேலானது என்பது இப்போது எங்கும் விதி.

நம் நாட்டில் குறித்த உயரத்தைத் தவறவிட்ட விமானங்கள் எத்தனை, எந்த நிலையத்தில், எந்தக் காரணத்தால் என்ற கணக்கை சர்க்கார் வருஷந்தோறும் பார்லிமெண்டில் வைக்கட்டும். அவ்வேளையில் கட்டுப்பாட்டு மேஜையில் எத்தனை பேர் இருந்தனர் என்பதையும் அக்கணக்கில் சேர்க்கும்படி கோருகிறோம்.