வவுச்சர் எங்கே சார்?

பி.காம். படித்தவனுக்குப் புரோட்டீன் படிகத்தோடு என்ன சகவாசம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ஒரு பெரிய விஞ்ஞானிக்கு அதுதான் நடந்தது.

பெயர் ஜெஃப்ரி சாங். கலிபோர்னியாவில் ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையம். பாக்டீரியாவின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் 'எம்எஸ்பிஏ' என்ற புரோட்டீனின் உருவத்தை 2001-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். (இதன் பங்காளிப் புரோட்டீன்தான் கேன்சர் செல்லுக்குள் போகும் மருந்தை வெளியே துப்பிவிடுகிறது. அதனால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை.) எல்லோரும் கை தட்டினார்கள்.

தட்டவேண்டியதுதான். அந்த வேலையின் பாடு அப்படி. சுத்தம் செய்த புரோட்டீன் சொட்டை உப்புக் கரைசலோடு கலந்து, கண்ணாடி வில்லையில் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூடிவைத்துக் காத்திருக்கவேண்டும். கற்கண்டு மாதிரி மெள்ள விளையவேண்டும். பெரும்பாலும் விளையாது! உப்பை மாற்று, அமிலத்தை மாற்று, சூட்டை மாற்று என்று நூற்றுக்கணக்கில் சொட்டுகள். சவ்வுப் புரோட்டீனுக்கு இன்னும் அடம். சோப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்தால்தான் தண்ணீரிலேயே நிற்கும். அப்படி விளைந்த படிகமும் ஏறக்குறையப் பாதி தண்ணீர்தான். எக்ஸ்ரே பட்டால் கெடும். கெடுவதற்குள் கிடைப்பதும் உருவம் அல்ல, வெறும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசம் தெரியும். அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்பது தொலைந்துபோயிருக்கும். அதை மீட்க, கனமான அணுக்களைச் செருகி, ஜோடிப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள துளியூண்டு வித்தியாசத்தை அளப்பார்கள்.

வினை அந்த ஜோடியில் வந்தது. சாங்கின் லேபில் ஓடிய ஒரு சின்ன புரோகிராம் இரண்டு பத்தி எண்களை இடம் மாற்றிவிட்டது. பிளஸ், மைனஸ் ஆனது. வலம் சுழியவேண்டிய சுருள் இடம் சுழிந்தது. படம் மங்கலாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

2006-ல் ஜூரிச்சில் டாசனும் லோகரும் இன்னொரு பங்காளிப் புரோட்டீனின் உருவத்தைப் போட்டார்கள். பொருந்தவில்லை. அதன் பிறகு சாங் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். மறைக்காமல் ஒப்புக்கொண்டார், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால், நடுவில் அந்த ஐந்து வருஷம்?

தணிக்கைக் கருவிகள் இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் சகாக்களும் 1963-லேயே வரைந்து கொடுத்த படம், புரோட்டீன் எந்தக் கோணத்தில் முறுக்கலாம், எதில் கூடாது என்று சொல்லிவிடும். (அவருக்கு நோபல் கிடைக்கவில்லையே என்று புலம்புகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) 1992-ல் ப்ரூங்கர் என்பவர், அளவுகளில் கொஞ்சத்தைக் கண்ணில் காட்டாமல் ஒதுக்கிவைத்துக் கடைசியில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். அருமையான ஆடிட்! ஆனால், மங்கலான படத்தில் இரண்டுக்குமே பல் கூர்மை குறைவு.

மிச்சமிருப்பது வவுச்சர்தான். உலகத்துப் புரோட்டீன் உருவங்களைச் சேர்த்துவைக்கும் வங்கி 1971-ல் தொடங்கியது. உருவத்தோடு அளவுகளையும் கட்டாயம் கொடுக்கவேண்டும் என்று அது சொன்னது 2008-ல்! முப்பத்தேழு வருஷம் வெறும் பேலன்ஸ் ஷீட்டோடு ஓட்டியிருக்கிறார்கள், சார். அந்த அளவுகளும் புரோகிராம் மென்று துப்பியவை. சாங்கின் புரோகிராம் தப்பு செய்தது அங்கேதான். எக்ஸ்ரே விழுந்த ஒரிஜினல் படங்களை அங்கே கொடுப்பது இன்றுவரை கட்டாயமில்லை. நிறைய இடம் பிடிக்குமாம். நாலு மணி நேரக் கல்யாண வீடியோவைப் பத்திரமாக வைத்திருக்கிற உலகத்தில் இதற்கு இடம் இல்லையாம்!

'இனி படிகமே வேண்டாம், கம்ப்யூட்டரே சொல்லிவிடும்' என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். 2024-ல் நோபல் வாங்கித் தந்த ஆல்ஃபாஃபோல்டு பாடம் படித்ததே இந்த வங்கிக் கணக்கை வைத்துத்தான். ஒரிஜினல் படம் வராமல் கட்டுரையை அச்சேற்றமாட்டோம் என்று பத்திரிகைகள் ஒரு வரி விதி போட்டால் போதும். மக்களின் வரிப் பணத்தில் எடுத்த படங்கள்தானே?