படியெடுத்தால் போதுமா?

ஒரு சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதிய காலத்தில், நூலைக் காத்தது எழுத்தாணி மட்டுமன்று, யாப்பும் காத்தது. ஓர் எழுத்து விடுபட்டால் தளை தட்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் எதுகை காட்டிக் கொடுக்கும். மூல ஏடு கைவசம் இல்லாதபோதும் 'இங்கே ஏதோ குறைகிறது' என்று செவி உணர்ந்துவிடும்.

இன்று அறிவியல் உலகம் தன் ஏடுகளைப் படங்களாக எழுதுகிறது. அப்படங்களுக்கு எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு அவற்றைப் பெயர்க்கும்போது நேரும் பிழையைச் செவி அறியாது. பல வேளைகளில் கண்ணும் அறியாது. ஆகவே, படியெடுத்தலினும் சரிபார்த்தலே பெரும்பணி என்பது என் கருத்து.

ஒரு சான்று காண்போம். கதிரவனை ஆராய 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் 'சோலார் டைனமிக்ஸ் அப்சர்வேட்டரி' என்னும் விண்கலத்தை ஏவியது. நெடுக்கிலும் குறுக்கிலும் 4096 புள்ளிகள் கொண்ட படங்களாக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 டெராபைட் தரவை அது அனுப்பிவந்தது. நொடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பில் ஒரு நாளின் தரவைப் பெயர்க்க 33 மணி நேரம் ஆகும். அதாவது, இன்றைய படங்கள் போய்ச் சேருமுன் நாளைய படங்கள் வந்து நிற்கும்! அத்தரவைப் பேணிய ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி அறைக்குள் 2024 நவம்பர் 26 அன்று குளிர்நீர்க் குழாய் உடைந்து வெள்ளம் புகுந்தது. வழங்கிகள் பழுதுற்றன, படங்களை வழங்கும் பணி தடைப்பட்டது. எத்துணை உயர்ந்த நிலையமாயினும், ஒரே இடத்தில் வைக்கும் செல்வம் ஒரு குழாயின் உறுதியையே நம்பி நிற்கிறது.

ஆதலின் படிகள் பல வேண்டும். அவற்றைப் பெயர்க்கச் சுட்டியைப் பிடித்து இழுக்கும் முறை சிறு கோப்புகளுக்குப் பொருந்தும். இலட்சக்கணக்கான படங்களுக்குப் பொருந்தாது. இணைப்பு நடுவில் அறுந்தால் எது சென்றது, எது செல்லவில்லை என்று அறிவது அரிது. இங்கேதான் கட்டளை வரி கைகொடுக்கிறது. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் ஆகிய இருவர் உருவாக்கிய 'ஆர்சிங்க்' என்னும் நிரல், இரு பக்கத்துக் கோப்புகளையும் ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பவல்லது. அறுந்த பணியை மீண்டும் தொடங்கினால், சென்றவற்றை விட்டு எஞ்சியவற்றை எடுத்துச் செல்லும். மேலும், கட்டளை எழுத்தில் நிற்கிறது. நேற்றுச் செய்ததை இன்று படித்துப் பார்க்கலாம், பிறரும் ஆராயலாம்.

எனினும் கருவி மட்டும் காவலாகிவிடாது. ஒரு கோப்பு முன்னரே சென்று சேர்ந்துவிட்டதா என்பதை ஆர்சிங்க் இயல்பாக அதன் அளவையும், இறுதியாகத் திருத்திய நேரத்தையும் கொண்டே முடிவு செய்கிறது. உள்ளடக்கத்தையும் ஒப்பிடுமாறு நாம் தனியே பணித்தல் வேண்டும். 'எஸ்எச்ஏ-256' என்றொரு கணக்கு முறை உண்டு. எத்துணைப் பெரிய படமாயினும் அதை 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளமாக அது சுருக்கித் தரும். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அடையாளம் முழுவதும் மாறிவிடும். இரு பக்கத்து அடையாளங்களும் ஒத்திருப்பின் படி செம்மையானது. எண்களால் எழுதிய ஏட்டுக்கு இதுவே யாப்பு!

கவனக்குறைவின் விலை என்ன? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக மீத்திறன் கணிப்பொறியில், காப்புப்படி எடுக்கும் பணிக்கென எழுதிய கட்டளைத் தொகுப்பை, அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றினர். பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய கட்டளை, ஆராய்ச்சிக் கோப்புகளை நீக்கியது. 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள், ஏறத்தாழ 77 டெராபைட், அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிப்புற்றன. காக்க வந்த கையே அழித்தது. கட்டளை, சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது.

'இவை கணிப்பொறித் துறையினர்க்கு உரியன. தமிழ்த்துறை மலரில் ஏன்?' என்று வினவுவோர் இருக்கலாம். பாடவேறுபாடு பார்த்து மூலத்தை மீட்கும் கலையைக் கற்பவர் நாம். படிக்கும் மூலத்துக்கும் உள்ள இடைவெளியை நம்மினும் நன்கறிந்தவர் யார்? நாளை ஓலைச்சுவடிகளின் படங்களைக் காக்கும் பொறுப்பும் நம் மாணவர் கைக்கே வரக்கூடும்.

மாணவ நண்பர்களே! கட்டளையை ஏவுமுன் ஒத்திகை பாருங்கள். அதற்கென்றே ஆர்சிங்கில் ஒரு வழி உண்டு. பெயர்த்தபின் எண்ணிக்கையையும் அடையாளத்தையும் சரிபாருங்கள். அவை ஒத்த பின்னரும், வேறோர் ஊரில் மற்றொரு படி இருக்கும்வரை மூலத்தில் கை வைக்காதீர்கள். நூறு பக்கம் எழுதியவன் எழுத்தாளன் ஆகலாம். எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தவனே நூலைக் காத்தவன்.