போதும் என்று சொல்லத் தெரியாத நண்பன்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணிக்குப் போயிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்துச் சாலையில் ஒரு பையன் வேகமாக சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தான். உங்களைப் போல ஏழாவதோ எட்டாவதோ படிப்பான். சைக்கிள் சீட்டில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் வெண்ணெய் நிறத்தில் ஒரு லாப்ரடார் நாய்க்குட்டி. நாக்கைத் தொங்கப் போட்டபடி தார் ரோட்டில் அது ஓடிவந்தது.

டீக்கடை ஓரமாக அவன் நின்றதும் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, குட்டிக்கு எத்தனை மாசம்?"

"நாலு மாசம் சார். பார்த்தா அப்படித் தெரியாது, நல்லா பெருசா இருக்கான்ல?" என்றான் பெருமையாக.

"தினமும் இப்படித்தான் ஓட விடுவியா?"

"ஆமா சார், அரைமணி நேரம். கால் பலமாகணும்ல? அடுத்த வாரத்திலிருந்து மலைப்படியில ஏத்தலாம்னு இருக்கேன்."

"பாவம், களைச்சுப் போயிடாதா?"

"இல்ல சார், அவனுக்கு இது ரொம்பப் பிடிக்கும். நிக்கவே மாட்டான். நான் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடி வருவான்."

அவன் சொன்ன அந்தக் கடைசி வரிதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. தன் குட்டியை உயிராக நினைக்கிறவன். குட்டியும் அவனை உயிராக நினைக்கிறது. அதனால்தான் கால் வலித்தாலும் நிற்காமல் ஓடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன். உங்களில் பலர் வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிறீர்கள். இன்னும் பலர் அப்பா, அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். லாப்ரடார், அல்சேஷன், ராட்வைலர், கிரேட் டேன், நம் ராஜபாளையம் என்று பெரிய உடம்பாக வளரும் நாய்கள் மீதுதான் பலருக்கும் ஆசை. அவற்றின் குட்டிகளுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை.

ஏன் தெரியுமா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். லாப்ரடார் குட்டி பிறக்கும்போது எடை அரை கிலோவைக்கூடத் தொடாது. வளர்ந்து முடிந்ததும் சுமார் 30 கிலோ! ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்குள் அறுபது, எழுபது மடங்கு வளர்ந்துவிடுகிறது. மூன்று கிலோ எடையில் பிறந்த நீங்கள் அதே மாதிரி வளர்ந்திருந்தால் இரண்டு வயதுக்குள் 200 கிலோ இருந்திருப்பீர்கள். நினைத்தாலே சிரிப்பு வருகிறது, இல்லையா?

இவ்வளவு வேகமாக வளரும் உடம்பைத் தாங்குவது எலும்புகள்தான். நீளமான எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் மெல்லிய குருத்தெலும்புப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். வளர்ச்சி முடிந்த பிறகுதான் அது கெட்டியான எலும்பாக மாறும். அதுவரை அந்த இடம் மென்மையானது. பலமாக அடிபட்டாலோ, உயரத்திலிருந்து குதித்தாலோ சேதமாகலாம். அப்படிச் சேதமானால் கால் கோணலாக வளரவும் கூடும்.

சின்ன இன நாய்களுக்கு இந்தப் பகுதி ஒரு வயதுக்குள்ளேயே கெட்டியாகிவிடும். பெரிய இனங்களுக்கு 12 முதல் 18 மாதம் வரை ஆகும். கிரேட் டேன் மாதிரி மிகப் பெரிய நாய்களுக்கு இன்னும் கூடுதலாகவே ஆகலாம். ஆகவே, நாலு மாதக் குட்டி பார்வைக்குப் பெரியதாக இருந்தாலும் எலும்புக்கு அது இன்னும் பச்சைக் குழந்தைதான்.

அடுத்தது இடுப்பு. மனிதர்களுக்கு இருப்பது போலவே நாய்க்கும் இடுப்பில் பந்து கிண்ண மூட்டு இருக்கிறது. தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். குட்டி வளர வளர இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாமல் தளர்ந்துவிட்டால், பின்னாளில் மூட்டு தேய்ந்து, நடக்கும்போதெல்லாம் வலிக்கும். பெரிய இன நாய்களிடம் இந்தக் கோளாறு அதிகம். பெற்றோரிடமிருந்து வருவது இதற்கு முக்கியக் காரணம் என்றாலும், நாம் வளர்க்கும் முறைக்கும் பங்கு உண்டு.

நார்வே நாட்டில் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. லாப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களைச் சேர்ந்த சுமார் 500 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதே வயதில் கயிறு இல்லாமல் தோட்டத்தில், மென்மையான தரையில், தன் இஷ்டப்படி ஓடி விளையாடிய குட்டிகளுக்கு அந்த வாய்ப்பு குறைவாக இருந்தது.

இதிலிருந்து என்ன புரிகிறது? குட்டியைக் கட்டிப் போட்டு வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. அதற்கு ஓட்டமும் விளையாட்டும் அவசியம் வேண்டும். ஆனால், எவ்வளவு ஓடுவது, எப்போது உட்காருவது என்பதை அதுவே தீர்மானிக்கும் விளையாட்டாக இருக்க வேண்டும். புல்லில் நாலு பாய்ச்சல் பாயும், மண்ணை மோப்பம் பிடிக்கும், சட்டென்று படுத்துத் தூங்கிவிடும். அதுதான் அதற்கேற்ற உடற்பயிற்சி. சைக்கிளில் கட்டிவிட்டால் வேகத்தைத் தீர்மானிப்பது சைக்கிள். தூரத்தைத் தீர்மானிப்பது நாம். குட்டிக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை.

சரி, உங்கள் வீட்டுக் குட்டிக்கு என்னென்ன செய்யலாம்?

முதலில் தடுப்பூசி. கால்நடை மருத்துவர் சொல்லும் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கும்வரை, மற்ற நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை நடக்க விடாதீர்கள். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் விளையாடட்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசியை மறக்கவே கூடாது. அது குட்டிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் பாதுகாப்பு.

நடைப்பயிற்சியைச் சிறிது சிறிதாக அதிகப்படுத்துங்கள். குட்டியின் வயதில் ஒரு மாதத்துக்கு 5 நிமிடம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாலு மாதக் குட்டி என்றால் ஒரு தடவைக்கு 20 நிமிடம். ஆராய்ச்சி சொன்ன சட்டம் அல்ல இது. அனுபவத்தில் வந்த அளவுகோல். ஆரம்பிப்பதற்கு உதவும். உங்கள் குட்டிக்கு எது சரி என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிலிலிருந்தும் திண்ணையிலிருந்தும் குதிக்க விடாதீர்கள். பந்தை உயரமாகத் தூக்கிப் போட்டு எம்பிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். தரையில் உருட்டி விடுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஓட விட்டால் கால் வழுக்கி விரியும். அங்கே ஒரு சாக்கோ, பழைய கம்பளமோ விரித்து வையுங்கள்.

வெயில் நேரத்தில் வெளியே கூட்டிப் போகவே போகாதீர்கள். கோடையில் திருத்தணியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். காற்றே அப்படி என்றால், தார் ரோடு அதைவிட இன்னும் அதிகமாகச் சுடும். நமக்குச் செருப்பு இருக்கிறது, குட்டிக்கு? உங்கள் புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் அங்கே படக் கூடாது. நம்மைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைத்துக்கொள்ளும். அதனால் விடிகாலையும், பொழுது சாய்ந்த பிறகும்தான் நல்ல நேரம். கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கட்டும்.

கொழுகொழுவென்று இருப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து அவற்றின் ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். அவற்றில் பாதி நாய்களுக்கு மற்றப் பாதியைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். 2002-ல் வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டு ஒல்லியாக இருந்த நாய்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் மூட்டுகளும் தாமதமாகவே தேய்ந்தன. இதற்காகக் குட்டியைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்! அளவை மருத்துவர் சொல்வார். அவரைக் கேட்காமல் கால்சியம் டானிக் கொடுக்கவும் வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கால்சியமும் எலும்பைக் கெடுக்கும்.

உங்கள் பாதுகாப்புக்கும் ஒரு வார்த்தை. பெரிய இனக் குட்டி ஆறே மாதத்தில் உங்களையே இழுத்துக்கொண்டு போகும். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரியவர் ஒருவர் கூட வரட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, குட்டியைக் கவனிப்பது. அதற்கு 'போதும்' என்று வாயால் சொல்லத் தெரியாது. ஆனால் உடம்பால் சொல்லும். நடக்கும்போது பின்தங்கும். அடிக்கடி உட்கார்ந்துவிடும். ஒரு காலை ஊன்றாமல் தூக்கி வைக்கும். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவும். தூங்கி எழுந்ததும் நொண்டும். இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைய நடையை நிறுத்திவிடுங்கள். நொண்டல் மறுநாளும் இருந்தால் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். 'சோம்பேறி நாய்' என்று திட்டாதீர்கள்.

நொண்டும் பெரிய நாய் கடைசியில் என்ன ஆகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? சில வீடுகளில் மருத்துவச் செலவுக்குப் பயந்து அதைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். ஆசை ஆசையாக வாங்கிய அதே குட்டி, வலிக்கும் காலோடு குப்பைத் தொட்டி ஓரம் நிற்கிறது. அதனால், பெரிய இனம் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அதை அவசரப்படாமல் வளர்க்கும் பொறுமை நமக்கு இருக்கிறதா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இதையெல்லாம் அந்தத் திருத்தணிப் பையனிடமும் சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது.

"நான் நல்லதுக்குத்தானே சார் செஞ்சேன்" என்றான் மெதுவாக.

"தெரியும்பா. அதனாலதான் உன்கிட்டச் சொல்றேன். இந்த மலைக்கு எத்தனை படி, சொல்லு?"

"முன்னூத்தி அறுபத்தஞ்சு சார். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படின்னு எங்க பாட்டி சொல்லும்."

"அப்படின்னா உன் குட்டி ஒரு நாளைக்கு ஒரு படி ஏறுதுன்னு நினைச்சுக்கோ. ஒவ்வொரு நாளா அது வளரட்டும். வருஷம் முடியட்டும். அப்புறம் டாக்டரைக் கேட்டுட்டு, அது உன்கூட எவ்வளவு தூரம் ஓடுதுன்னு பாரு."

அவன் கொஞ்ச நேரம் குட்டியையே பார்த்தான். அது டீக்கடை நிழலில் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்திருந்தது. குனிந்து சீட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான். கடைக்காரரிடம் ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வாங்கி வைத்தான். அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். குட்டி நின்ற இடத்திலெல்லாம் அவனும் நின்றான்.

செல்வங்களே, நம்மை நம்பி வரும் உயிருக்காக 'போதும்' என்று நாம்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக் குட்டியோடு இன்று மாலை நடக்கும்போது, நீங்கள் அதை இழுக்காமல் அதன் வேகத்தில் நடந்து பாருங்கள். எங்கெங்கே நின்றது, எதை மோந்தது, எப்போது உட்கார்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். படிக்க ஆவலாகக் காத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போமா?

அன்புடன்,
ஆசிரியர்